தாய்மாமன் மாலை

டிவிய ஏண்ணா நிறுத்துற? அதுல எங்க வீட்டுக்காரர் மூஞ்சி தெரியுதுன்னா? ஓடட்டும். தினமும் சாயங்காலம் அவரப் பாக்கறதானே. என்னைத்தான் மூணு வருஷமா பாக்கல. மொதல்ல கேட்டைத் திற. ஊரப்பாக்கத்துலேர்ந்து ட்ரெயின்ல நின்னுகிட்டே வந்தேன், முட்டி விண்ணுவிண்ணுங்குது.

தண்ணி போதும். அண்ணி கோயிலுக்கா? நல்லதுதான், அவங்க இருந்தா அழுதுடுவேன்.

உன் மருமான் சூர்யாவுக்குக் கல்யாணம். பத்திரிகை இன்னும் அச்சுல இருக்கு. வெத்தலை பாக்கோட மொதல்ல உன்னைத்தான் கூப்புட வந்திருக்கேன்.

தலையாட்டாத. கேட்டுட்டு அப்புறம் ஆட்டு.

அம்மா திவசத்தன்னைக்கு எங்க வீட்டுல உன் எலையில பாயசம் விழறப்ப, டிவியில முந்தின நாள் விவாதத்த மறுபடி போட்டான். இவரு எதிர்ல உக்காந்திருந்த உங்க கட்சிப் பேச்சாளர் ஜெயவேலுவப் பாத்து, உங்க கட்சியில இருக்கறவன் பூரா விலைபோனவன்னு கத்துனாரு. நீ எலைய மடிச்சிட்டு எழுந்த. போயிட்ட.

யாரப் பாத்து சொன்னாரோ, அந்த ஜெயவேலுக்கு வலிக்கலண்ணா. உனக்குத்தான் வலிச்சுது.

வலிக்காதுன்னு எப்படித் தெரியுமா? ரெண்டு பேருக்கும் சேனல்ல ஒரே காருதான் குடுக்கறாங்க. தாம்பரத்துல நிறுத்தி தோசை சாப்புடுவாங்க. அவருக்கு சுகர், இவருக்கு பிபி. மாத்திரைய ஒருத்தருக்கு ஒருத்தர் ஞாபகப்படுத்திப்பாங்க. உங்க கட்சி சேனல்ல இவரு மைக்க பாதியில வெட்டுவான், எங்க கட்சி சேனல்ல ஜெயவேலு மைக்க வெட்டுவான். அதையும் சொல்லிச் சொல்லி சிரிச்சுப்பாங்க. பேசுறதுக்குக் குடுக்கற பணக் கவரும் ஒரே மாதிரி கவர்தான். நல்லா கத்துனா அடுத்த வாரமும் உண்டு.

மண்டபமா? கோவிலம்பாக்கத்துல. பிளாட் போடுறாரே ஞானஜோதி, அவரோடது. வாடகையே வேணாம்னுட்டாரு. ரெண்டு பக்கமும் எனக்கு வேண்டியவங்கங்கறாரு. இருக்காதா பின்ன, ரெண்டு கட்சிக்கும் தேர்தல் செலவுக்குக் குடுக்கறவராச்சே. நீதான் உன் பென்ஷன் காசுல இந்தத் தெரு முழுக்கக் கொடி கட்டுன.

சரி, சரி. நான் குத்திக்காட்ட வரல. உக்காரு.

தாய்மாமன் மாலை போடாம மேடை ஏற மாட்டேங்கறான் சூர்யா. நம்ம பெரியப்பா பையன் போடட்டுமேன்னு கேட்டுப் பாத்தேன். எனக்கு மாமா ஒருத்தர்தாம்மான்னுட்டு ஆபீஸ் கிளம்பிட்டான். அதுக்கு மேல நான் என்ன பேசறது சொல்லு.

உங்க ஆளுங்க என்ன சொல்வாங்கன்னு பாக்கறியா? அவங்கள்லாம் வருவாங்கண்ணா. பாதிப் பந்தி உங்க கட்சிக்காரங்கதான். எப்படியா? நீ இன்னும் பொண்ணு யாருன்னே கேக்கலியே.

வண்டலூரு. தீபான்னு பேரு, பேங்க்ல இருக்கா. கார்லயே பேசி முடிச்சிருக்காங்க பெரிய மனுஷங்க ரெண்டு பேரும். எங்கிட்டயே தோசையெல்லாம் தின்னு முடிச்சு வந்துதான் சொன்னாரு.

ஆமா. ஜெயவேலு பொண்ணுதான்.

இப்ப வேணா அந்த சத்தத்தக் கொஞ்சம் குறைச்சுக்கோ. சம்பந்திங்க கத்தி முடிச்சு கார் ஏற இன்னும் நேரமிருக்கு. சம்பங்கி வேணாண்ணா, சூர்யாவுக்குத் தும்மல் வரும். ரோஜா மாலையா பாத்து வாங்கிட்டு வா.