வாய் கோணிய அரக்கன்

என் வேலை மேசை வாசல் கதவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பல் செட் செய்வது என் தொழில். மருத்துவர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள், நான் வீட்டிலிருந்தபடியே செய்து கொடுப்பேன். பகல் முழுக்க வீட்டில் இருக்கிற ஆள் என்பதால் எங்கள் கூட்டத்துக்கு வரும் பார்சல் எல்லாம் என் முகவரிக்குத்தான் வரும். நீங்கள் பார்சல் கம்பெனியின் விசாரணை அதிகாரி, கேட்கிறீர்கள், சொல்கிறேன். நடந்ததற்கெல்லாம் அந்த மேசை அங்கே இருந்ததுதான் காரணம்.

கூட்டம் என்றதும் பயந்துவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டில் கூடி விளையாடுகிற நாலு பேர். அக்கா கதை சொல்வாள். அதில் வரும் வீரனாகவும் மந்திரவாதியாகவும் நாங்கள் பேசுவோம். பிழைப்பதும் சாவதும் பகடை விழுவதைப் பொறுத்தது. நானும் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கும் என் மைத்துனனும் ஆடுவோம். மைத்துனனுக்கு விதிப்புத்தகம் மனப்பாடம். யார் எந்த விதியைச் சொன்னாலும் தலையைத் தூக்காமல் "பக்கம்?" என்பான். பக்க எண் இல்லாத விதி எங்கள் மேசையில் செல்லாது. வருடக்கணக்கில் இப்படியே ஆடி, எங்கள் எல்லோருக்கும் பக்க எண் நாக்கு நுனியிலேயே இருக்கும்.

இந்த விளையாட்டுக்கு இரண்டு துணைநூல்கள் வரப்போவதாக அறிவிப்பு வந்தது. முதலில் கடலடி அரக்கர்கள், அடுத்து பாதாளச் சிறைகள். அக்கா கதையைக் கடற்கரையிலேயே நிறுத்திவிட்டாள். "புத்தகம் வரட்டும்டா, அப்புறம் கப்பல் ஏறலாம்" என்றாள். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டமே இல்லை, புத்தகத்தில் என்னென்ன இருக்கும் என்ற பேச்சுதான். கடல் ஆழத்தில் லிஃப்ட் மாதிரி ஏறி இறங்கும் மிருகம் கட்டாயம் இருக்கும் என்று மெக்கானிக் அடித்துச் சொல்வார். மைத்துனன் எதையும் ஒத்துக்கொள்ள மாட்டான். உண்மையைச் சொன்னால் ஆடிய நாட்களைவிட அந்தக் காத்திருப்பு எங்களுக்கு ருசியாக இருந்தது. அதைத்தான் நான் காப்பாற்ற நினைத்தேன்.

முதல் புத்தகத்தை உங்கள் பார்சல்காரர் என் கையில்தான் கொடுத்தார். அவர் போனில் விரலால் ஒரு கிறுக்குக் கிறுக்கி வாங்கிக்கொண்டேன். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். தங்கமான மனிதர்.

புதுப் புத்தகத்தை எல்லோரும் சேர்ந்துதான் பிரிக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அக்கா கத்தியால் உறையைக் கீறுவாள். பிறகு ஒவ்வொருவராக வாங்கி மோந்து பார்ப்போம். அதை நான் மீற நினைக்கவில்லை. ஒரே ஒரு பக்கம் பார்த்துவிட்டு, மெழுகு இளக்கும் சூட்டுக்காற்றுக் கருவியால் பிளாஸ்டிக் உறையை மறுபடி ஒட்டிவிடலாம் என்றிருந்தேன். சூடு கூடிவிட்டது. உறை சுருங்கி அட்டையையும் சேர்த்து இழுத்ததில் அட்டையில் இருந்த அரக்கனுக்கு வாய் கோணிவிட்டது. கோணிய வாய்களைச் சரிசெய்துதான் சாப்பிடுகிறேன், ஆனால் அட்டையில் என் வேலை எடுபடவில்லை. அந்தக் கோலத்தில் புத்தகத்தைக் கொடுத்தால் அக்கா மனம் உடைந்துபோவாள். அதனால் முழுவதையும் படித்துவிட்டு, பார்சல் வரவில்லை என்று சொன்னேன்.

அக்கா உங்களிடம் புகார் கொடுத்தாள். நீங்கள் என்னைக் கூப்பிட்டுக் கையெழுத்தைக் காட்டினீர்கள். புழு நெளிந்த மாதிரி இருந்தது. என் கையெழுத்து இப்படி இருக்காது என்றேன். அது பொய்யில்லை, விரலால் போட்டால் யாருடைய கையெழுத்தும் அவரவர் கையெழுத்து மாதிரி இருக்காது. மறுநாளே பார்சல்காரரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தீர்கள். அது உங்கள் முடிவு. அதில் நான் தலையிடவில்லை.

இதற்கிடையில் என் ஊகங்களுக்கு மவுசு கூடிவிட்டது. அரக்கர்களுக்கு ராணி ஒருத்தி இருப்பாள் என்பேன். முத்துக்களால் மந்திரம் போடுவார்கள் என்பேன். "எப்படிடா உனக்கு மட்டும் இதெல்லாம் தோணுது?" என்று அக்கா வாய்பிளந்தாள். என்னை ஞானி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். என்னை இதுவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கூச்சமாக இருந்தது, பொறுத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்சல்காரர் அக்கா வீட்டுக்கே வந்து, தான் திருடவில்லை என்று தலைகுனிந்து சொன்னார். வீட்டில் பிள்ளைகள்கூட ஒரு மாதிரி பார்க்கிறார்களாம். எனக்குக் கஷ்டமாகிவிட்டது. அவரையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்று சொன்னது நான்தான், வேண்டுமானால் விசாரித்துப் பாருங்கள். என்ன வேடம் வேண்டும் என்று அக்கா கேட்டாள்.

"எது வேணாலும் குடுங்க. திருடன் மட்டும் வேணாம்."

அவருக்கு வீரன் வேடம் கொடுத்தோம். புத்தகம் இனி வராது என்று அக்கா என் ஊகங்களை வைத்தே கப்பல் ஏற்றினாள். நடுக்கடலில் எட்டுக் கை மிருகம் ஒன்று அவருடைய வீரனைச் சுற்றிப் பிடித்தது. அவர் பகடையை உருட்டாமல் கையிலேயே வைத்திருந்தார். பார்க்கச் சகிக்காமல், கண்ணில் வெளிச்சம் காட்டினால் பிடியை விட்டுவிடும் என்று சொன்னேன்.

"பக்கம்?" என்றான் மைத்துனன்.

"தொண்ணூற்றெட்டு" என்றேன்.

மைத்துனன் வாழ்க்கையில் முதல்முறையாகத் தலையைத் தூக்கினான். பார்சல்காரர் பகடையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"சார், நான் உங்க கையிலதானே குடுத்தேன்?"

ஆமாம் என்றேன். அவரைக் காப்பாற்றப்போய்த்தான் மாட்டிக்கொண்டேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அக்கா என்னோடு பேசுவதில்லை. ஞானி பட்டமும் போய்விட்டது, அதுதான் கொஞ்சம் வலிக்கிறது.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். பார்சலை வாங்கியது நான், கையெழுத்து என்னுடையது, பொய் சொன்னதும் நான்தான். அவரை வேலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பதில் எங்கள் தெருவுக்கு நீங்கள் போட்டிருக்கும் பெண்ணும் நல்லவர்தான், தண்ணீர்கூடக் கேட்பதில்லை.

இரண்டாவது புத்தகம், பாதாளச் சிறைகள், இன்னும் வந்து சேரவில்லை என்று அக்கா கவலைப்படுகிறாளாம். வந்துவிடும். தானாக முன்வந்து குற்றத்தை ஒப்புக்கொள்ளும் கைதிக்குத் தண்டனை பாதியாகக் குறையும் என்று அதில் ஒரு விதி இருக்கும் என எனக்குத் தோன்றுகிறது. நாற்பத்தோராம் பக்கத்தில்.