சகலை கேட்ட வேகம்

உலோகத்தைச் செதுக்கும் மில்லிங் மெஷினுக்கு வேகம் பார்த்து வைப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, ஐயா. கட்டர் பெரிதாக இருந்தால் சுற்று குறைய வேண்டும். உலோகம் கடினமாக இருந்தால் இன்னும் குறைய வேண்டும். அட்டவணை சுவரிலேயே தொங்குகிறது. நான் அதைப் பார்த்துக் கணக்குப் போட்ட பிறகுதான் மெஷினைத் தொடுவேன்.

என் சகலைக்குக் கணக்கே வராது. மனைவியின் தங்கை வீட்டுக்காரன் ஆயிற்றே என்று நான்தான் முதலாளியிடம் சொல்லிச் சேர்த்துவிட்டேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன். அவன் துண்டு தெறிக்காமல் தடுக்கும் முன் மறைப்பை விலக்கிவிட்டு, சுழலும் கட்டருக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்துச் சத்தம் கேட்பான். கியரை மாற்றி மாற்றிப் பார்த்து, சத்தம் பிடித்ததும் நிறுத்துவான். வெட்டிய பக்கம் வழவழவென்று வரும். பட்டறையில் அவனுக்குப் பெயரே ‘காது’தான். வருகிறவர்களையெல்லாம் கூட்டிவந்து முதலாளி அவனைக் காட்டுவார். வீட்டுக்குப் போனால் என் மனைவியும், தங்கை வீட்டுக்காரர் தொட்டதெல்லாம் துலங்குகிறது என்பாள். எனக்கு வயிறு எரியும். பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவேன்.

போன வாரம் அவனுக்கு இரண்டு காதும் சீழ் பிடித்து அடைத்துக்கொண்டது. பெயர் கெட்டுவிடும் என்று பட்டறையில் மறைத்தான். மனைவி சொல்லி எனக்கு மட்டும் தெரியும். பெரிய தட்டுக் கட்டரை மாட்டி, எஃகுக் கட்டையை இறுக்கிவிட்டு என்னிடம் வந்தான்.

“அண்ணே, காது சரியா கேக்கல. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. இதுக்கு என்ன ஸ்பீடு வைக்கலாம்? நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

அவன் என்னிடம் வேகம் கேட்டது அதுதான் முதல் தடவை. சந்தோஷமாகக்கூட இருந்தது. நிமிடத்துக்கு இருநூற்றைம்பது சுற்றுக்கு மேல் போகக் கூடாது என்று அட்டவணையைப் பார்க்காமலே எனக்குத் தெரியும். சாக்பீஸை எடுத்து ஆயிரத்து இருநூறு என்று மெஷின் மேல் எழுதிக் காட்டினேன். அலுமினியமாக இருந்தால் அது தப்பில்லாத வேகம்.

கட்டர் அலறியது. பட்டறை முழுக்கக் கேட்டது. அவனுக்குத்தான் கேட்கவில்லை, அதனால் வழக்கத்தைவிடக் கிட்டே குனிந்தான். குனிவான் என்றும் எனக்குத் தெரியும். நிறுத்தும் பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உடைந்து தெறித்த கட்டர் பல் ஒன்று அவன் நெற்றிப்பொட்டில் ஏறியது.

நான்தான் கொன்றேன், எழுதிக்கொள்ளுங்கள். பொறாமை என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தக் குணம் எனக்குக் கிடையாது. பிணத்தைக் கிடத்தியிருந்த வீட்டில்கூட எல்லோரும் அவன் காதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். வேகம் சொன்னது நான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அதனால்தான் நானே ஸ்டேஷனுக்கு வந்தேன்.