சந்தேகத் தட்டு காலியாக இருந்தது

தேர்தல் அலுவலகத்தில் என் மேசை ஜன்னலை ஒட்டி இருந்தது. மழை நாட்களில் ஈரக்காற்று பட்டு உறைகளின் பசை இளகிவிடும் என்பதால், அதை நானே இரண்டடி உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. வேலையில் கவனமாக இருந்தவன் என்று உங்களுக்குத் தெரிவதற்காக இதை முதலில் எழுதுகிறேன். தேவையில்லை என்று தோன்றினால் அடித்துவிடுங்கள்.

நடந்ததை வாக்குமூலமாக வரிசையாக எழுதச் சொன்னீர்கள். மாலை நேரச் சட்ட வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து நாட்குறிப்பு எழுதி வருகிறேன். அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். நடந்தவை எல்லாம் அதில் சரியாக இருக்கின்றன. காரணங்கள்தான் சரியாக இல்லை. சில பக்கங்களில் இரண்டு காரணம் எழுதி இரண்டையும் அடித்திருக்கிறேன்.

எங்கள் பிரதேசத்துக்குத் தேசிய அவையில் ஒரே ஓர் இடம். அந்தப் பிரதிநிதி அங்கே எழுந்து பேசலாம், வாக்களிக்க முடியாது. "வீட்டோட மாப்பிள்ளை மாதிரிடா," என்பார் என் அண்ணன். "வாயத் தொறக்கலாம், முடிவு மாமனாருது." ஆனாலும் அந்த இடத்துக்கு ஐந்து கட்சிகள் மோதின. பிரதிநிதி எழுந்து ஒரு கேள்வி கேட்டால், முப்பது நாளுக்குள் அரசு ஆள் அனுப்பிப் பார்த்தாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஐந்து வேட்பாளர்களில் ஒருவர் நர்சம்மா. பாட்டரி ஆலைக் குடியிருப்பில் இருபது வருடம் ஊசி போட்டவர். அவர் கேட்பதாகச் சொன்னது ஒரே கேள்விதான்: அந்த ஆலையில் வேலை செய்கிறவர்களுக்கு ஏன் கை நடுங்குகிறது?

ஆலைக்காரர்களுக்கு ஷிஃப்ட் வேலை. அதனால் பெரும்பாலும் தபாலில்தான் வாக்களிப்பார்கள். வாக்குச்சீட்டு உள்ளுறையில் இருக்கும். வெளியுறையின் பின்புறம் கையெழுத்து. அதைப் பதிவேட்டில் இருக்கும் கையெழுத்தோடு ஒப்பிடுவது என் வேலை. மேசையில் மூன்று தட்டுகள். பொருந்துகிறது, பொருந்தவில்லை, சந்தேகம். பொருந்தாதவை பிரிக்கப்படாமல், எண்ணிக்கையில் சேராமல் அப்படியே கட்டி மூலையில் வைக்கப்படும். சந்தேகத்தில் விழுந்தால் அந்த ஆளுக்கு அழைப்புக் கடிதம் போகும். ஏழு நாளுக்குள் நேரில் வந்து இது என் உறைதான் என்று நிரூபிக்கலாம்.

பதிவேட்டில் இருந்தவை பத்து வருடத்துக்கு முந்தைய கையெழுத்துகள். அந்த மனிதர்கள் ஆலையில் சேர்ந்த புதிதில் போட்டவை. எல்லாம் நேராக இருந்தன.

எங்கள் வீட்டுக்கும் ஓர் உறை வந்தது. அண்ணனுக்கும் அந்த ஆலையில்தான் வேலை. நான் அவர் வீட்டில்தான் இருந்தேன். அப்பா போன பிறகு என்னை வளர்த்தது அவர்தான். மாலை வகுப்பில் சேர்த்துவிட்டதும் அவர்தான். சாப்பாட்டு மேசையில் உறையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, வலது மணிக்கட்டை இடது கையால் அழுத்திப் பிடித்தபடி கையெழுத்துப் போட்டார். பேனா முனை உறையில் டிக் டிக்கென்று தட்டியது.

"நான் புடிச்சுக்கவா?" என்றார் அண்ணி.

"வேணாம் தாயே. அப்புறம் இது உன் கையெழுத்துன்னு இவன் தள்ளிடுவான். ஆபீஸ்ல இவன் பெரிய ஆளாம்ல."

"தம்பி தள்ளட்டும் பாப்போம். சோறு நான்தான் போடணும்."

மூவரும் சிரித்தோம். நாட்குறிப்பில் அப்படித்தான் இருக்கிறது.

நான்கு நாள் கழித்து அந்த உறை என் மேசைக்கு வந்தது. உறவினர் உறை வந்தால் அடுத்த மேசைக்குக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்கத்தான் எடுத்தேன். அப்போது பிரிவு அதிகாரி என் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"இது உங்க வீட்டு விலாசம் இல்ல?" என்றார்.

"ஆமா சார்."

சும்மாதான் கேட்டிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் அன்றைக்கு எனக்குக் காது சூடாகிவிட்டது. நான் தற்காலிக ஊழியன். சலுகை காட்டுகிறான் என்று ஒருவர் நினைத்தால் போதும். உறையைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். லென்ஸை எடுத்துப் பார்த்தேன். பத்து வருடத்துக்கு முந்தைய அண்ணன் ஒரே இழுப்பில் பெயரை முடித்திருந்தார். இந்த அண்ணன் பதினொரு இடத்தில் உடைந்திருந்தார். பொருந்தவில்லை என்று எழுதி அந்தத் தட்டில் வைத்தேன்.

அதிகாரி என் தோளில் லேசாகத் தட்டிவிட்டுப் போனார். அந்தத் தட்டல் எனக்குப் பிடித்திருந்தது. இதை நாட்குறிப்பில் அடிக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்தவை சுலபமாக இருந்தன. சொந்த அண்ணனையே தள்ளியவன், அதே மாதிரி உடைந்த கையெழுத்தைப் போட்ட வேறொருவரை எப்படி ஏற்றுக்கொள்வது? அது அண்ணனுக்குச் செய்யும் அநியாயம் இல்லையா? ஒரே அளவுகோல் வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆலைக் குடியிருப்பிலிருந்து வந்த உறைகள் நானூற்றுப் பன்னிரண்டு. அதில் இருநூற்று அறுபத்து மூன்றைப் பொருந்தவில்லை என்று வைத்தேன். எந்த இரண்டும் ஒரே மாதிரி நடுங்கவில்லை. ஒரே ஆள் போட்ட கள்ளக் கையெழுத்துகள் என்றால் எல்லாம் ஒரே மாதிரி நடுங்கும். அது எனக்குத் தெரியும்.

கடிதங்களை அனுப்புகிறவரை நாங்கள் தபால் அக்கா என்போம். ஒரு நாள் என் மேசைக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, சந்தேகத் தட்டு காத்து வாங்குது? ஒரு கடுதாசிகூட இல்லையா?"

"எனக்குச் சந்தேகமே வரலைக்கா."

"குடுத்து வச்ச ஆளுப்பா நீ. எனக்கெல்லாம் கட்டுன மனுசன் மேலயே வருது."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம். அவருக்கு இதில் சம்பந்தம் இல்லை.

ஏன் சந்தேகத்தில் வைக்கவில்லை என்று நீங்கள் மூன்று முறை கேட்டீர்கள். நேரில் வந்தாலும் அதே நடுங்கும் கைதானே, எதற்கு அவர்களை ஆற்றைத் தாண்டி அலைய விடுவது என்று நினைத்ததாகச் சொன்னேன். அதை அவர்கள் மேல் உள்ள அக்கறை என்றும் சொன்னேன். அது முழுதும் சரியில்லை. நேரில் வருகிறவர்கள் கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல் ரேகை வைக்கலாம் என்று விதி இருக்கிறது. நடுங்கும் கைக்கும் ரேகை மாறாது. வகுப்பில் அந்தப் பாடத்தில் நான்தான் முதல் மதிப்பெண்.

கடிதம் போனால் அண்ணனும் வருவார். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய சட்டையோடு, கையைக் கையால் பிடித்துக்கொண்டு, என் மேசைக்கு முன்னால் எல்லோரும் பார்க்க நிற்பார். தபால் அக்கா, "இவரா உன் அண்ணன்?" என்று கேட்பார். அதை நினைத்தேன். இவ்வளவுதான் காரணம். எழுதிப் பார்த்தால் மிகவும் சின்னதாக இருக்கிறது. இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கும் என்று நாட்குறிப்பு முழுதும் தேடினேன். கிடைக்கவில்லை.

உள்ளே யாருக்கு வாக்கு என்று எனக்குத் தெரியாது என்றும் சொல்லியிருந்தேன். அந்தக் குடியிருப்பில் யாருக்கு விழும் என்பது பேருந்து நடத்துனருக்குக்கூடத் தெரியும். நர்சம்மா நூற்றுப் பதினெட்டு வாக்கில் தோற்றார். கப்பல் நிறுவனக்காரர் ஜெயித்தார். அவர் அவையில் துறைமுகத்தைப் பற்றிப் பேசினார். ஆலையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அதனால் யாரும் வரவில்லை. மூன்று மாதத்தில் என் வேலை நிரந்தரமானது.

இப்போது மூன்று வருடம் ஆகிறது. அண்ணனைத் தவிர, அந்த இருநூற்று அறுபத்து மூன்று பேரில் யார் முகமும் எனக்குத் தெரியாது. கையெழுத்து தெரியும். பேருந்தில் கம்பியைப் பிடித்திருக்கும் ஒரு கை என் முகத்துக்கு நேரே நடுங்கும். மேலே இரண்டு, கீழே ஒன்று. எனக்கு உடனே உறை ஞாபகம் வரும். பதிவேட்டில் எண்ணூறாவது வரிசை, ஊதா மை. கடையில் ஒரு பெண் சில்லறையைக் கல்லாவில் சிந்திவிட்டுப் பொறுக்க முடியாமல் நிற்பார். நான் குனிந்து பொறுக்கிக் கொடுப்பேன். "நல்லா இருப்பே தம்பி," என்பார். வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் கோடு இழுக்கும்போது சாக்பீஸ் ஒரு முறை துள்ளினாலும் என் வாய் தானாகவே "பொருந்தவில்லை" என்று முணுமுணுக்கிறது. பக்கத்து மாணவன் இடம் மாறி உட்கார்ந்துவிட்டான்.

ஆலை வாசலில் இரங்கல் அறிவிப்பு ஒட்டுவார்கள். வாரம் ஒரு முறை போய்ப் பார்த்து என் பட்டியலோடு ஒப்பிடுவேன். நீங்கள் மேசையில் எடுத்து வைத்தது அந்தப் பட்டியல்தான். பக்கத்தில் போட்டிருக்கும் சிறு கோடுகள் என்னவென்று கேட்டீர்கள். அவை இறந்தவர்கள். பதினெட்டு கோடுகள் இருக்கும். பதினெட்டாவது என் அண்ணன்.

கடைசி மாதத்தில் அவரால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. பல்லில் மோதும். அண்ணி கரண்டியால் புகட்டுவார். போன மாதம் ஒரு மதியம் அண்ணி மருந்து வாங்கப் போயிருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். அந்தத் தேர்தலை எதிர்த்து நர்சம்மா போட்ட மனு விசாரணைக்கு வருகிறது என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"டேய், நம்ம ஆளுங்க ஓட்ட ஆபீஸ்ல தள்ளிட்டாங்கன்னு பேசிக்கிறாங்களே. என்னோடது சேந்துச்சாடா?"

"சேந்துச்சுண்ணா. நானே பாத்தேன்."

"அப்ப ஒழுங்காத்தான் தோத்திருக்கோம்."

"ஆமாண்ணா."

"நீ இருந்தேல்ல அங்க. அதான் எனக்குத் தைரியம்."

என் கையைப் பிடிக்கப் பார்த்தார். அவர் கை வந்து சேரவில்லை. நான்தான் எடுத்துப் பிடித்துக்கொண்டேன். மறுநாள் காலை இறந்துபோனார். முகத்தில் கலக்கம் எதுவும் இல்லை என்று அண்ணி சொன்னார்.

இருநூற்று அறுபத்து மூன்று வாக்குகளையும் அவர்களுடையவைதான் என்று தெரிந்தே தள்ளினேன். என்னை யாரும் தூண்டவில்லை. இதில் மாற்றம் எதுவும் இல்லை. ஒரே ஒரு வேண்டுகோள். என் அண்ணன் நிம்மதியாகப் போனார், அந்த நிம்மதியைக் கொடுத்தது நான்தான். அதையும் இந்த வாக்குமூலத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.