ரெண்டு தபா படிக்கணும்

கதவ சாத்திட்டன்னு பயந்துக்காதீங்க டாக்டரம்மா. வெளியில ஒக்காந்துகினு இருக்கறவங்க உங்கள ஒண்ணும் பண்ண மாட்டாங்க. அவங்க வந்தது எனக்காக. நாற்காலிய இப்பிடி எடது பக்கமா போட்டுக்குங்க. அந்தப் பக்கம் ஒக்காந்தா உங்க மூஞ்சி பாதி தான் தெரியுது. ம்? கண்ணுல பொறைன்னு வெச்சிக்குங்களேன். அதுக்கு அப்புறமா வரன்.

சத்தம் போடுவாங்களாவா? போட்டா எனக்கு பயமே இல்லம்மா. நாப்பது வருசமா இவங்கள சத்தம் போட வெச்சவனே நான் தான. காலையிலேர்ந்து நாப்பத்திரெண்டு குடும்பமும் வாசல்ல ஒக்காந்திருக்குது, ஒருத்தர் வாயத் தொறக்கல. டீ போட்டு எடுத்துகினு போனன், ஒருத்தர் தொடல. டம்ளர்ல ஆடை கட்டி அப்பிடியே நிக்குது. என் பொஞ்சாதி ருக்குமணியும் அவங்களோட தான் ஒக்காந்திருக்கா. நீல பொடவை. பாத்தீங்களா, உங்களக்கூட வாங்கன்னு கேக்கல.

ஏரிக்கரை மேல வரும்போது பாத்திருப்பீங்க, செவப்பு பெயிண்ட் அடிச்ச கல்லு. எங்க எடத்த வளைக்க வந்த கம்பெனி ஆளுங்க நேத்து நட்டுட்டுப் போனது. காசம்மா வூட்டு அடுப்பங்கரைக்குள்ளயே ஒரு கல்லு. அடுப்ப தள்ளி வெச்சிட்டு நட்டான். நாளன்னிக்கி ஜேசிபி வருதாம். இன்னாடா இதுன்னு கேட்டா, நீங்க தான ரேகை வெச்சி குடுத்தீங்கன்னு காயிதத்தோட காப்பிய நீட்டறான். மணிவண்ணன் வாங்கி படிச்சான். எம்.காம். படிச்ச புள்ள. நாங்க குடியிருக்கற எடத்த மனசார விட்டுக் குடுக்கறம்னு எழுதியிருக்குது. மாசி மாசம் அதே காயிதத்த, பட்டா கேட்டு மனுன்னு நான் இவங்களுக்குப் படிச்சி காட்டுனன். நேத்து அவன் என்ன ஒரே கேள்வி தான் கேட்டான். எவ்ளோ வாங்குனண்ணா?

நீங்க இன்னாத்துக்கு எழுந்திரிக்கறீங்க? ஒக்காருங்க. உங்க வேலைய முடிங்க மொதல்ல. தலைய படம் புடிச்சீங்களே, அது வந்துடுச்சா? இதானா? வெள்ளைக்காரன் ஊரு மேப்பு மாதிரி இருக்குது.

நீங்க மொத நாளு சொன்னது எனக்கு மறக்கலம்மா. எழுத்து கத்துக்காத மண்டையில எழுத்துக்குன்னு எடமே கெடையாது, கத்துக்கினா தான் அது உருவாவுது, அதுவும் மூஞ்சிய அடையாளம் பாக்கற எடத்துலேர்ந்து கொஞ்சம் புடுங்கித் தான் குடுக்குதுன்னு. நான் சிரிச்சன். நெனப்பிருக்கா? தலைக்குள்ளயும் நெலம் கையகப்படுத்தறாங்களான்னு. பெரிய ஆளா ஆனப்புறம் எழுத்து கத்துக்கினவன் மண்டை தான் வேணும்னு தேடிகினு வந்தீங்க. செலியமேட்டுல என்ன விட்டா யாரு.

இருவத்தி நாலு வயசு வரைக்கும் நான் கைநாட்டும்மா. கூலிக்காரங்க சங்கத்துல பசை வாளி தூக்கற வேலை. எதை ஒட்டறன்னு தெரியாம ஒரு வருசம் நோட்டீஸ் ஒட்டுனன். ஒரு நாளு பண்ணையார் வூட்டு செவுத்துலயே தலைகீழா ஒட்டிட்டன். அந்தாளு மாடியில நின்னுகினு சிரிச்சான் பாருங்க. ஆளுங்கள கூப்ட்டு கூப்ட்டு காட்டி சிரிச்சான். அந்த சிரிப்பு தான் எனக்குப் பள்ளிக்கூடம். மிச்சம் இருந்த நோட்டீஸ எல்லாம் வூட்டுக்கு எடுத்தாந்து எழுத்தெழுத்தா புடிச்சன். போராட்டத்துல புடிச்சிகினு போயி ஜெயில்ல பதினெட்டு நாளு, செவுத்துல கரியால எழுதிப் பாத்தன். வெளிய வந்து அந்தாளு மேல நான் எழுதுன மொத நோட்டீஸ, அதே செவுத்துல நேரா ஒட்டுனன்.

அதுலேர்ந்து ஊர்ல ஒரு வழக்கம். எந்தக் காயிதம் வந்தாலும் பலராமன் படிக்காம ஒருத்தரும் மையில வெரலு வெக்க மாட்டாங்க. அதுவும் ரெண்டு தபா படிக்கணும். மொத தபா கேட்டுக்கறதுக்கு. ரெண்டாந்தபா, வார்த்தை எங்கயாவது மாறுதான்னு பாக்கறதுக்கு. கோர்ட்டு அமீனாவையே வெயில்ல நிக்க வெச்சிட்டு ரெண்டு தபா படிச்சிகீறன். இப்ப புள்ளைங்க காலேஜுக்குப் போவுது, ஆனா பத்திரத்துத் தமிழு அதுங்களுக்கு வராது. அண்ணன் படிக்கட்டும்னு மணிவண்ணனே ஒதுங்கி நிப்பான். பேர் சொல்லாத, அண்ணன்னு சொல்லுன்னு அவங்கம்மா அடிச்சி வளத்த புள்ள அது.

சரி, இந்தக் கருப்பா தெரியறது இன்னா? பின்னாடி, எடது பக்கம். ஓ. ரத்தம் போவாம செத்துப் போன எடமா. அது எப்ப செத்துதுன்னு படத்துல தெரியுமா? நாளு வேணாம்மா, மாசம்? சும்மா தான் கேக்கறன்.

நானே சொல்லட்டுமா. பொங்கல் முடிஞ்சி நாலாம் நாளு. காலையில எழுந்தப்ப மண்டை விண்ணுன்னு இருந்துது. வலது பக்கம் இருக்கறது கண்ணுல படாம வாசக்கால்ல வலது தோள இடிச்சிகினன். அத துடைச்சிப் போட்டுட்டு மைதீன் டீக்கடைக்குப் போனன். பேப்பர விரிச்சா ஒரு எழுத்து புரியல. இன்னா மைதீனு, மாஹேகாரங்களுக்காக மலையாளம் பேப்பர் வாங்க ஆரம்பிச்சிட்டியான்னு கேட்டன். கடையே சிரிச்சுது. நானும் கூட சிரிச்சன். சிரிச்சிகினே மடிச்சி வெச்சிட்டு வந்துட்டன்.

வூட்டுக்கு வந்து நோட்ட எடுத்து எழுதிப் பாத்தன். எழுத வந்துதும்மா! கையி அது பாட்டுக்குப் போவுது. எழுதி முடிச்சி திரும்பிப் பாத்தா, எறும்பு ஊர்றாப்ல இருக்குது. நான் எழுதனது எனக்கே தெரியல. உங்களுக்கு இது அதிசயமா இல்லியா? ஓ, புஸ்தகத்துல இருக்குதா. எனக்கு மட்டும்னு நெனச்சன்.

யாருகிட்ட சொல்லுவன்? மே தினத்துக்கு தட்டி எல்லாம் நான் தான் எழுதனன், ஒருத்தருக்கும் சந்தேகம் வரல. நம்பருங்க நல்லா தெரிஞ்சிது. அதான்... அதான் கெட்டுது. கம்பெனிகாரன் காயிதம் கொண்டாந்தப்ப சர்வே நம்பரு தெரியுது, எங்க எடத்துது. நாப்பத்திரெண்டுன்னு போட்டிருக்குது, எங்க குடும்பக் கணக்கு. எத்தினி வருசமா பட்டா கேட்டுகினு இருக்கறம், அதுவா தான இருக்கும். நாப்பது வருசமா எழுதன மனு, எனக்கு மனப்பாடம். கண்ணாடிய போட்டுகினு கணீர்னு படிச்சன். நடுவுல நிறுத்தி எச்சி கூட முழுங்குனன்.

ஒரு தபா தான் படிச்சன் டாக்டரம்மா. ரெண்டாந்தபா படிச்சா வார்த்தை மாறிடும். நேரமாவுது, நம்ம பட்டா தான, வெய்யின்னு சொன்னன். யாரும் கேக்கல. ருக்குமணி மட்டும் என் மூஞ்சியவே பாத்தா. பாத்துட்டு, அவ தான் மொத ரேகை வெச்சா. அவ வெச்சத பாத்துட்டு தான் மத்தவங்க.

வக்கீல் பிரிட்டோகிட்ட நேத்து ராத்திரி போன்ல சொல்லிட்டன். படிச்சி காட்டனவனுக்குப் படிக்கவே தெரியாதுன்னு நீங்க ஒரு சர்டிபிகேட் எழுதி, எந்த மாசத்துலேர்ந்துன்னும் போட்டா, நாளைக்கே கோர்ட்டுல தடை கேக்கலாமாம். குடுப்பீங்களா? மொத நாளு கையெழுத்து போட சொன்னீங்களே, அந்த பாரத்த கூட நான் படிக்கலம்மா. போடற எடத்த நீங்க வெரலால காட்டுனீங்க, போட்டன்.

ஆனா அதுக்கு முன்ன இவங்களுக்குச் சொல்லணும். கோர்ட்டுல போய் கேட்டுக்க வெக்கக்கூடாது. அவங்க என்ன துரோகின்னு நெனச்சிகினு ஒக்காந்திருக்காங்க. நேத்து பூரா எனக்கு அது பரவால்லன்னு தோணுச்சி, பாருங்க. படிக்கத் தெரியாதவன்னு பண்ணையார் சிரிச்சாப்ல இவங்களும் சிரிக்கறத விட அது பரவால்லன்னு. கல்லு நட்டது காசம்மா அடுப்புல, எனக்கு ரோசம் கேக்குது.

இந்தாங்க. நோட்டீஸ் எழுதி வெச்சிருக்கன், ஒரு பக்கம் தான். நான் படிக்க முடியாது. தலைகீழா குடுக்கறனா? திருப்பி புடிச்சிக்குங்க. நான் கதவ தொறக்கறன், நீங்க நல்லா சத்தமா படிங்க. அவங்க எழுந்திருச்சி என் மேல பாஞ்சாலும் நிறுத்தாதீங்க.

ரெண்டு தபா.