கால் சுற்று

காரில் ஏசி வேலை செய்யவில்லை என்று வருகிறவர்களில் பாதிப் பேருடைய வண்டியில் ஒரு கோளாறும் இருக்காது. ஃபில்டரில் தூசி அடைத்திருக்கும். அல்லது வெளிக்காற்றை உள்ளே விடுகிற பொத்தானை யாராவது அமுக்கி வைத்திருப்பார்கள். பதினாறு வருடம் ஒரு சர்வீஸ் சென்டரின் முன்மேசையில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்டு வேலைச்சீட்டில் எழுதி உள்ளே அனுப்புவதும், வேலை முடிந்ததும் சாவியைத் திருப்பிக் கொடுப்பதும் என் பொறுப்பு. கோபமாக வருகிறவர்களைச் சிரித்த முகத்தோடு வழியனுப்புவதும் அதில் சேர்த்தி. அதில் நான் கெட்டிக்காரன் என்பார்கள். நீங்களும் விசாரித்திருப்பீர்கள்.

டீச்சரின் வண்டியில் முதல் தடவை வந்தது உண்மையான கோளாறு. இதை மட்டும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஏசி காஸைக் குளிர்விக்கிற முன்பக்கத்துக் கண்டென்சரில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை. வண்டி வாங்கி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. கல் பட்டு விழுந்த ஓட்டை, வாரன்டியில் வராது என்று கம்பெனியில் கைவிரித்துவிட்டார்கள். நான் விடவில்லை. கல் பட்டால் தகடு உள்பக்கமாக மடங்கும், இது பற்றவைத்த இடத்தில் விட்டுப்போனது என்று படம் எடுத்து, மூன்று கடிதம் எழுதி, புதுக் கண்டென்சரை இலவசமாக வாங்கிப் போட்டுக் கொடுத்தேன்.

அன்று டீச்சர் சாவியை வாங்கிக்கொண்டு உடனே போகவில்லை. மேசைக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தார். உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுப்பவர். நாற்பது வயது இருக்கலாம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பக்கவாதத்தில் வலதுபக்கமும் பேச்சும் போன அப்பாவைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறார். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்று அவர் சொன்னது இவ்வளவுதான்.

"கூடப் பொறந்தவங்க இருந்தாக்கூட எனக்காக இவ்வளவு அலைஞ்சிருக்க மாட்டாங்க. உங்களை அண்ணான்னு கூப்பிடலாமா?"

கூப்பிடுங்கள் என்றேன். எனக்கு ஒரு தங்கை உண்டு. பதினோரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பழுது தீர்ந்த வண்டி திரும்பி வராது. நோய் தீர்ந்தவன் வைத்தியர் வீட்டு வழியைக்கூட மறந்துவிடுவான், உலக வழக்கம். மூன்று மாதம் கழித்து எண்ணெய் மாற்ற டீச்சர் வந்தபோது யாரோடோ போனில் பேசிக்கொண்டே சாவியை மேசையில் வைத்தார். தலையை மட்டும் அசைத்தார். நான் தவறாக நினைக்கவில்லை. அவருக்கு ஆயிரம் வேலை.

அன்று வேலை முடிந்த பிறகு வண்டியை ஓட்டிப் பார்க்கிற சாக்கில், கழுவுகிற கூடத்துக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். ஏசி குழாயில் காஸ் ஏற்றுகிற வாய் ஒன்று இருக்கும். சைக்கிள் டியூபில் இருப்பது போலவே உள்ளே ஒரு சின்ன வால்வு. அதைத் திருக விரல் நீளத்தில் ஒரு சாவி. கால் சுற்றுக் கழற்றினேன். மூடியைப் பழையபடி போட்டேன். ஏன் செய்தாய் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால், இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்தேன் என்றுதான் சொல்லியிருப்பேன். அப்படித்தான் நானும் நம்பினேன்.

மூன்று வாரத்தில் டீச்சர் வந்தார்.

"அண்ணா, மறுபடியும் வெறுங்காத்துதான் வருது. உங்களை விட்டா எனக்கு யாரைக் கேக்கறதுன்னு தெரியல."

உட்காருங்கள் என்றேன். காபி வரவழைத்தேன். இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். பள்ளியில் ஒரு பையன் பூஜ்ஜியத்தால் ஏன் வகுக்கக் கூடாது என்று கேட்டுத் தலைமையாசிரியரை அழவைத்த கதையைச் சொன்னார். நான் சிரித்தேன். உள்ளே மெக்கானிக் காஸ் ஏற்றிக்கொண்டிருந்தார். அவரை நாங்கள் டாக்டர் என்று கூப்பிடுவோம். இன்ஜின் மேல் காதை வைத்துத்தான் பழுது கண்டுபிடிப்பார். காஸோடு மினுமினுக்கும் சாயம் கலந்து ஏற்றி, ஊதா விளக்கடித்து ஒழுகல் தேடினார். வால்வு வாயில் சாயம் தெரிந்தது. ஆனால் காஸ் ஏற்றும்போதே அங்கே இரண்டு சொட்டுச் சிந்தும், எல்லா வண்டியிலும் தெரியும். துடைத்துவிட்டு வேறு இடத்தில் தேடினார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

அப்படியே போயிற்று. ஒரு தடவை கம்ப்ரஸரை மாற்றினோம். ஒரு தடவை டேஷ்போர்டையே பிரித்துக் குளிர்க்காயிலை மாற்றினோம். எல்லாம் வாரன்டியில். அவருக்கு ஒரு செலவும் வைக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் வண்டியை ஒப்படைப்பதற்கு முன் நானே ஓட்டிப் பார்த்தேன்.

ஒரே கோளாறு நான்கு தடவைக்கு மேல் வந்தால் கம்பெனி அந்த வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு புது வண்டி கொடுக்க வேண்டும். வாரன்டிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. டீச்சர் அதைப் படிக்கவில்லை. நான் சீட்டு எழுதும்போது ஒரு தடவை 'குளிர் குறைவு' என்று எழுதினேன், அடுத்த தடவை 'சத்தம்', அதற்கடுத்த தடவை 'வாடை'. ஒன்றோடொன்று சேராது. புது வண்டி வந்தால் வேறு கிளையில் பதிவாகும். வீணாக அலைச்சல்.

டீச்சர் கணக்குக்காரர் அல்லவா, ஏசிக் காற்று வருகிற துவாரத்தில் ஒரு வெப்பமானியைச் செருகி தினமும் அளவெடுத்து நோட்டில் எழுத ஆரம்பித்தார். ஒருநாள் வரைபடத் தாளைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்தார். நான்கு கோடுகள். எல்லாம் ஒன்றுபோல ஏறின.

"பாருங்க அண்ணா, ஒவ்வொரு தடவையும் சர்வீஸ் முடிஞ்ச பத்தொன்பதாவது நாள்ல இருந்து இருபத்திரண்டுக்குள்ள போயிடுது. இது பழுது மாதிரி இல்ல. யாரோட பழக்கமோ மாதிரி இருக்கு."

மெஷினுக்கும் பழக்கம் உண்டு டீச்சர் என்றேன். சிரித்துவிட்டுத் தாளை மடித்து வைத்துக்கொண்டார். சந்தேகத்தின் நிழல்கூட அந்த முகத்தில் இல்லை. அந்த நம்பிக்கைக்கு நான் தகுதியானவனாக நடந்துகொள்ள வேண்டும் என்று அன்று நினைத்தது நினைவிருக்கிறது.

பெரியவரைப் பற்றிக் கேட்டீர்கள்.

டீச்சரின் அப்பா லேத் பட்டறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். அவரைத் தனியாக விட முடியாமல் டீச்சர் வண்டியைக் கொண்டுவரும்போதும் எடுக்க வரும்போதும் கூட்டி வருவார், இறக்கி ஏற்றுவது பெரும்பாடு என்பதால் முன்சீட்டில் உட்கார வைத்தால் அசைக்க மாட்டார். ஏழாவது தடவை டீச்சர் காத்திருப்பு அறையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பெரியவரை ஏற்கெனவே வண்டியில் உட்கார வைத்தாயிற்று. எனக்குத் தனியாக ஓட்டிப் பார்க்க வாய்ப்பில்லாமல் போனது. கடைசியாக ஒரு பார்வை பார்க்கிறேன் என்று பானெட்டைத் தூக்கினேன். கால் சுற்றுத் திருகிவிட்டு நிமிரும்போது, தூக்கிய பானெட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே இருந்த நாலு விரல் இடைவெளியில் அவருடைய கண்கள் இருந்தன. என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார். எந்தப் பக்கம் திருகினால் இறுகும், எந்தப் பக்கம் திருகினால் கழலும் என்பதை லேத் ஓட்டியவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இடது கையால் கண்ணாடியைத் தட்டினார். மும்மூன்றாகத் தட்டினார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. டீச்சர் ஓடி வந்து அவர் தலையைத் தடவிக்கொடுத்தார்.

"அப்பாவுக்கு உங்களைப் பாத்தா சந்தோஷம் அண்ணா. வேற யாரைப் பாத்தும் இப்படிக் குரல் குடுக்க மாட்டார்."

அதற்குப் பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம் தட்டினார். நான் வணக்கம் வைத்தேன். நலம் விசாரித்தேன். ஒரு தடவை பழம் வாங்கிக் கொடுத்தேன். இடது கையால் தள்ளிவிட்டார். பிடிவாதம் என்றார் டீச்சர். நோயாளிகளிடம் நாம்தான் பொறுமையாக இருக்க வேண்டும்.

எட்டாவது தடவை டீச்சர் வந்தபோது முகம் மலர்ந்திருந்தது. இடது கையில் எழுதப் பயிற்சி கொடுக்கிறார்களாம். அப்பா முதல் சொல் எழுதிவிட்டாராம். பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். கோணல்மாணலாக 'கை' என்று இருந்தது. தாள் முழுக்க அதே சொல். பென்சில் அழுத்தத்தில் சில இடங்களில் தாள் கிழிந்திருந்தது.

"பயிற்சி குடுக்கறவங்க கையைப் பத்தியே பேசறாங்க இல்ல, அதான் அதையே எழுதறார். இன்னும் ரெண்டு மாசத்துல முழு வாக்கியமே எழுதிடுவார்னு சொல்றாங்க."

ரொம்ப சந்தோஷம் என்றேன். உண்மையிலேயே சந்தோஷம்தான். ஒரு மனிதர் தேறி வருவது யாருக்குத்தான் பிடிக்காது.

வண்டி சனிக்கிழமை காலை வேண்டும் என்றார் டீச்சர். திங்கட்கிழமை மதியம் பள்ளியில் மதிப்பெண் பட்டியலில் கையெழுத்துப் போட வேண்டும். அரைமணி நேர வேலை. வீட்டில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள வருகிற வேலைக்கார அம்மா அன்று லீவு. அப்பாவை என்ன செய்வது என்று கவலைப்பட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"அவரை எதுக்கு இறக்கி ஏத்திக் கஷ்டப்படுத்தறீங்க டீச்சர். இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போட்டு வண்டியிலேயே உட்கார வைங்க. கண்ணாடியை முழுசா ஏத்திடுங்க, அப்பத்தான் குளிர் நிக்கும். கதவைப் பூட்டிட்டுப் போனா பயமில்ல. இந்தத் தடவை ஏசிக்கு நான் பொறுப்பு."

நீங்கள் இதை இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள், மூன்றாவது முறையும் அதையேதான் சொல்வேன். வாடிக்கையாளர் கேட்டால் ஆலோசனை சொல்வது என் வேலை. பொதுவாக அது நல்ல ஆலோசனைதான்.

சனிக்கிழமை காலை வண்டியை நான் ஓட்டிப் பார்த்தேன். ஒன்றேகால் சுற்று. மூடிக்குள் இருக்கிற ரப்பர் வளையத்தையும் எடுத்துவிட்டேன். கணக்கு டீச்சரோடு பழகியதால் எண்கள் துல்லியமாக நினைவிருக்கின்றன. கால் சுற்றுக்கு மூன்று வாரம். ஒன்றேகாலுக்கு இரண்டு நாள். நான் நினைத்தது, பெரியவர் கொஞ்சம் தளர்ந்துபோவார், பயிற்சி கொஞ்சம் தள்ளிப்போகும் என்பதுதான். அதற்கு மேல் நினைத்ததாக எனக்கு நினைவில்லை.

பள்ளியில் அரைமணி ஒருமணியாகிவிட்டது. பட்டியலில் யாரோ ஒருவருடைய கூட்டல் தப்பு. டீச்சர் உட்கார்ந்து திருத்திக்கொடுத்திருக்கிறார். நிழலில் நிறுத்திய வண்டிதான். நிழல் நகர்ந்துவிட்டது. கண்ணாடியின் உள்பக்கம் இடது கை படும் இடத்தில் மட்டும் தேய்த்துத் துடைத்தது போல இருந்ததாம். வண்டியைப் பார்வையிட்ட உங்கள் ஆள் சொன்னார்.

வால்வு தளர்ந்திருந்ததைக் கண்டுபிடித்தார்கள். கடைசியாகக் கைவைத்தவர் என்று சீட்டில் டாக்டரின் பெயர் இருந்தது. அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். விசாரணை அறிக்கையில் சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டேன். போகும்போது என்னிடம் வந்து, நான் இறுக்கிட்டுத்தான் மூடினேன், என் காது பொய் சொல்லாது என்றார். அவர் நல்ல வேலைக்காரர். எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வார்.

துக்கத்துக்குப் போனேன். ஆண் துணையாக நின்று எல்லாவற்றையும் நானே ஓடியாடிச் செய்தேன். டீச்சர் என் தோளில் சாய்ந்து, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி விட்டிருக்கலாமே அண்ணா, எனக்கு ஏன் தோணல, நான்தான் கொன்னுட்டேன் என்று அழுதார். அப்படியெல்லாம் சொல்லக் கூடாது என்று தேற்றினேன். நான்கு மாதம் தினமும் போனேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு பயன்பட்ட காலம் வேறு இல்லை.

தட்டுகிற சத்தம் அப்போதுதான் ஆரம்பித்தது. முதலில் பஸ் ஜன்னலில் கேட்டது. பிறகு காத்திருப்பு அறைக் கண்ணாடிச் சுவரில், வீட்டில் குளியலறைக் கண்ணாடியில். மும்மூன்றாகக் கேட்கும். வீட்டு ஜன்னல் கண்ணாடிகளை எல்லாம் கழற்றி அட்டை வைத்தேன். அட்டையில் கேட்காது என்று நினைத்தேன். மழைக்காலத்தில் அட்டை ஊறிவிட்டது. ஊறிய அட்டையில் சத்தம் மெதுவாகத்தான் வருகிறது, ஆனால் வருகிறது. நான் பேய் பிசாசை நம்புகிறவன் அல்ல. கட்டடம் பழசு, வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும். ஆனாலும் எழுந்து போய்த் திறந்து பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் போகிறேன். ஏன் என்று தெரியவில்லை.

போன மாதம் டீச்சர் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டார். வேலையை விட்டுவிட்டாராம். வண்டியையும் விற்றுவிட்டாராம். போன் எண் உபயோகத்தில் இல்லை என்று வருகிறது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதனால் மனவருத்தம் ஒன்றுமில்லை.

நானாகவே இங்கே வந்து எல்லாவற்றையும் சொன்னதற்குக் காரணம் டாக்டர்தான். செய்யாத தப்புக்கு ஒருவர் பழி சுமப்பது நியாயமில்லை. வால்வைத் திருகியது நான். எட்டு தடவையும் நான். பெரியவர் எழுதத் தொடங்கிவிட்டார் என்பதற்காக எட்டாவது தடவை ஒன்றேகால் சுற்றுத் திருகியதும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

இனி டீச்சருக்கு நீங்கள் தகவல் சொல்லித்தான் ஆக வேண்டும், இல்லையா? சட்டப்படி சொல்ல வேண்டும் என்று விசாரித்துவிட்டுத்தான் வந்தேன். அவர் எங்கே இருந்தாலும் உங்களால் கண்டுபிடிக்க முடியும். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று என்னை நேரில் பார்த்துக் கேட்க நிச்சயம் வருவார். வரட்டும். எத்தனை தடவை வந்து கேட்டாலும் பொறுமையாகப் பதில் சொல்கிறேன். ஒரே நாளில் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட மாட்டேன்.