கேட்ட விலைக்குப் போகாத வீடு

வீடு வாங்குகிறவர்கள் முதலில் விலையைத்தான் கேட்பார்கள். கேட்க வேண்டியது, விற்பனைப் பலகை எத்தனை நாளாகத் தொங்குகிறது என்பதை. ஆறு மாதம் தொங்கினால் விற்கிறவர் களைத்திருப்பார். என்ன விலைக்குக் கேட்டாலும் தலையாட்டுவார். இருபது வருஷம் இதே தெருக்களில் புரோக்கராகச் சுற்றியதில் நான் கற்றது இவ்வளவுதான்.

மருமகளே, நாங்கள் முன்பு இருந்த வீட்டில் மறுபடி பலகை தொங்குகிறது, என்ன விலை என்று விசாரித்துச் சொல்லுங்கள் மாமா என்று எழுதியிருந்தாய். விசாரிக்கத் தேவையில்லை. பலகையை மாட்டியவன் நான்தான். ஐந்து வருஷத்துக்கு முன் என் மனைவியின் தம்பி பெயரில் அந்த வீட்டை வாங்கியவனும் நான்தான்.

அப்போது நீ விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். வீட்டை விற்றால்தான் உன் அப்பாவுக்கு இதய ஆபரேஷன் என்ற நிலை. "நீயே பாத்து முடிச்சுக் குடுடா தம்பி, எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்?" என்றாள் அக்கா, உன் அம்மா. அந்தத் தெருவில் விலை ஏறப்போவது எனக்குத் தெரியும். அவளிடம் சந்தை படுத்துவிட்டது என்றேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வாங்கும் எண்ணமே இல்லாத ஆட்களை வீடு பார்க்க அனுப்புவோம். எல்லோரும் ஒரே குறையைச் சொல்வார்கள். நாலு பேர் சொன்னால் சொந்தக்காரரே நம்பிவிடுவார். அக்கா வீட்டுக்கு எட்டுப் பேரை அனுப்பினேன். சுவரில் குறை சொல்ல வழியில்லை, அருமையான கட்டடம். அதனால் உன் அப்பா படுத்திருந்த அறை வாசலில் நின்று, "சீக்காளி கிடக்குற வீடுங்களா? எங்களுக்குச் சரிப்படாதுங்க" என்று சொல்லச் சொன்னேன். சமையலறையிலிருக்கும் அக்காவுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாக. படுத்திருப்பவருக்கும் கேட்குமே என்பது எனக்கு உறைக்கவில்லை. இல்லை, உறைத்தது.

எட்டாவது ஆள் போன பிறகு உன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாப்ள, என்னாலதான் வீடு போக மாட்டேங்குதா?"

"நிலவரம் அப்படி இருக்கு அத்தான்" என்றேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மூன்றே வாரத்தில் அவர் போய்விட்டார். அக்கா நான் சொன்ன விலைக்குக் கையெழுத்துப் போட்டாள். வீட்டைக் காலி செய்தபோது அவர் மெத்தைக்கு அடியில் மாத்திரைகள் கிடந்தன. உன் அம்மா வேளை தவறாமல் கையில் கொடுத்தவை. தான் இல்லாவிட்டால் வீடு நல்ல விலைக்குப் போகும், நீங்கள் இருவரும் பிழைத்துக்கொள்வீர்கள் என்று அந்த மனுஷன் கணக்குப் போட்டிருக்கிறார்.

அன்றிலிருந்து யாருக்கு வீடு காட்டினாலும் நான் படுக்கையறைக்குள் போவதில்லை. வாசலில் நின்று கையை மட்டும் நீட்டுவேன். அக்கா இன்றைக்கும் என்னைப் பார்த்தால், "நீ இல்லன்னா நாங்க நடுத்தெருவுலதான்டா" என்கிறாள். உன் அப்பாவைக் கொன்றது நான்தான் என்று அவளிடம் நீயே சொல்லிவிடு. எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

வீட்டை உன் பெயருக்கே எழுதித் தருகிறேன். ஒரு குறையும் இல்லாத வீடு. மெத்தையை மாத்திரைகளோடு சேர்த்து அன்றைக்கே எரித்துவிட்டேன். அதெல்லாம் கண்ணில் பட்டால், பார்க்க வருகிறவர்கள் விலையைக் குறைத்துத்தானே கேட்பார்கள்?