அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன்

ரூனா: சின்ன மாமா, ஸ்பூன் எங்கேன்னு பெரிய மாமா கேக்கறாரு.

தோர்கில்: வாளிக்குப் பக்கத்துல இருக்குன்னு சொல்லு தங்கம். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கிட்டுத் தேடச் சொல்லு.

ரூனா: பெரிய மாமா, வாளிக்குப் பக்கத்துல...

ஐனர்: கேட்டுச்சு, கேட்டுச்சு. எங்க, வாயைத் திற. ஆ...

ரூனா: உவ்வே... உப்புக் கரிக்குது.

ஐனர்: வாந்திக்குக் குடுக்கற பொடி அப்படித்தான் இருக்கும். முழுங்கு. அவ்வளவுதான், என் ராசாத்தி. இனி அஞ்சு நிமிஷம் கழிச்சு அடுத்த ஸ்பூன். ஒம்பது இருபதுன்னு எழுதிக்கச் சொல்லு உன் சின்ன மாமாவை.

தோர்கில்: அவர் சொல்றதுக்கு முந்தியே எழுதியாச்சுன்னு சொல்லு.

ரூனா: ஒரே சோபாவுலதானே உக்காந்திருக்கீங்க. அந்தப் பக்கம் ஒருத்தர், இந்தப் பக்கம் ஒருத்தர்.

ஐனர்: நடுவுல நீ இருக்கியே.

ரூனா: எனக்கு வயிறு வலிக்குது. சொல்லிச் சொல்லி வாயும் வலிக்குது.

தோர்கில்: அப்ப சொல்லாதே. சும்மா படு. காலை என் மடியில நீட்டிக்கோ.

ஐனர்: தலை என் பக்கம் இருக்கட்டும்.

ரூனா: அம்மா எப்ப வருவா?

ஐனர்: வெள்ளிக்கிழமை. இன்னும் ரெண்டு நாள். தம்பிப் பாப்பாவை வயித்தைக் கீறி எடுத்திருக்காங்க இல்ல, தையல் ஆறணும்.

ரூனா: எனக்கு வாந்தின்னு அம்மாவுக்குத் தெரியுமா?

தோர்கில்: ம்... காலையில போன் பண்ணினா. நீ தூங்கறேன்னு சொன்னேன்.

ரூனா: அப்ப நான் வாந்தி எடுத்துக்கிட்டு இருந்தேனே.

தோர்கில்: எடுத்து முடிச்சதும் தூங்கினே இல்ல, அதைக் கொஞ்சம் முன்னாடியே சொல்லிட்டேன். தெரிஞ்சா உன் அம்மா தையலோட கிளம்பி வந்துடுவா. யோன்னாவைப் பத்தி உனக்குத் தெரியாது. அப்புறம் இந்த வாந்தி அந்தப் பச்சைப் பிள்ளைக்கும் ஒட்டிக்கும்.

ரூனா: அப்ப சொல்லாதீங்க.

ஐனர்: விவரமான பொண்ணு. கையை நீட்டு, தோலைக் கிள்ளிப் பாக்கணும்.

ரூனா: எதுக்கு?

ஐனர்: கன்னுக்குட்டிக்கு வயித்தால போச்சுன்னா கழுத்துத் தோலை இழுத்து விட்டுப் பாப்போம். சட்டுனு படிஞ்சா உடம்புல தண்ணி இருக்குன்னு அர்த்தம். கூடாரம் மாதிரி அப்படியே நின்னா வத்திப்போச்சுன்னு அர்த்தம்.

ரூனா: நான் கன்னுக்குட்டி இல்லை.

தோர்கில்: அப்படிக் கேளு. நாப்பது வருஷமா மாட்டைத் தவிர வேற எதையும் வளர்த்ததில்லையே, பிள்ளை எது கன்னு எதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்.

ஐனர்: இவரு மட்டும் பத்துப் பிள்ளை வளர்த்து ஆளாக்கினவரான்னு கேளு.

ரூனா: நான் யாரையும் எதுவும் கேக்கலை. நான் தூங்கப் போறேன்.

ஐனர்: ஒரே ஒரு கேள்வி. கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனே?

ரூனா: தெரியலை.

தோர்கில்: விடியக்காலை நாலு மணிக்கு. முதல் வாந்தி எடுத்தப்ப. எழுதி வச்சிருக்கேன். அதுக்கப்புறம்... எழுதலை. போகலை.

ஐனர்: நாலுலேர்ந்தா?

தோர்கில்: ரூனா, கொஞ்சம் காலை எடு தங்கம். கிளினிக்குக்கு ஒரு போன் போட்டுடறேன்.

ரூனா: ஊசி போடுவாங்களா?

தோர்கில்: போன்ல எப்படி ஊசி போடுவாங்க... ஹலோ, கூட்ரூன் சிஸ்டரா? தோர்கில் பேசறேன். ஆமா, மாட்டுப் பண்ணைதான். எனக்கு இல்லை சிஸ்டர், தங்கச்சி பொண்ணுக்கு. அஞ்சு வயசு. நாலு மணியிலேர்ந்து ஏழு தடவை வாந்தி, ரெண்டு தடவை வயித்தால போச்சு. ஜுரம் முப்பத்தெட்டு. ஆமா, அவ போற பள்ளியில நாலு பிள்ளைங்களுக்கு இதேதானாம்.

ஐனர்: ஸ்பூன் கணக்கைச் சொல்லச் சொல்லு.

ரூனா: சின்ன மாமா, ஸ்பூன்...

தோர்கில்: பொடியைக் கலந்து அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன் குடுக்கறோம் சிஸ்டர்... சரிதானா? மீதியையும் சொல்லுங்க, நான் சத்தமாத் திருப்பிச் சொல்றேன், இங்க ஒருத்தர் காதுல விழட்டும். வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் விட்டுட்டு மறுபடி ஆரம்பிக்கணும். சரி. ஜூஸ் கூடாது. அழுது கேட்டாலும் கூடாது, சர்க்கரை வயித்தால போறதை அதிகமாக்கும். சரி. தொழுவத்துலேர்ந்து வந்தா சோப்புப் போட்டுக் கை கழுவணும். கழுவறோம். பன்னெண்டு மணிக்குள்ள ஒண்ணுக்குப் போகலைன்னா... எழுப்பினா எழுந்திருக்கலைன்னா... அழறப்ப கண்ணீர் வரலைன்னா... வாந்தியில ரத்தம் தெரிஞ்சா... உடனே தூக்கிக்கிட்டு வந்துடணும். புரிஞ்சுது.

ஐனர்: நன்றின்னு சொல்லச் சொல்லு.

தோர்கில்: நன்றி சிஸ்டர். என்ன? அண்ணனா... இங்கதான் இருக்காரு. இல்லை. இன்னும் இல்லை. அதுக்கு நீங்க மருந்து எழுதித் தர முடியாது சிஸ்டர், வச்சிடறேன்.

ரூனா: எதுக்கு மருந்து?

தோர்கில்: ஒண்ணுமில்லை.

ரூனா: நீங்க ரெண்டு பேரும் பேசறீங்களான்னு கேட்டாங்களா? மூணு வருஷமா பேசறதில்லைன்னு அம்மா சொன்னா. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு சீட்டுல எழுதி வைப்பாங்கன்னு சொன்னா.

ஐனர்: உன் அம்மாவுக்கு வாய் ஜாஸ்தி.

ரூனா: ஏன் பேசறதில்லை?

ஐனர்: அதை உன் சின்ன மாமாவைக் கேளு.

தோர்கில்: அதை உன் பெரிய மாமாவைக் கேளு.

ரூனா: எனக்குத் தாகமா இருக்கு.

ஐனர்: ஒம்பது இருபத்தஞ்சு ஆகட்டும். அடுத்த ஸ்பூன்.

தோர்கில்: மாடுங்க கத்த ஆரம்பிச்சிடுச்சு. தீவனத்தைத் தள்ளி விட்டுட்டு அரை மணியில வந்துடறேன். பெரிய மாமாகிட்ட சொல்லு, ஸ்பூனுக்கு மேல ஒரு சொட்டு குடுக்கக் கூடாது.

ஐனர்: எனக்குத் தெரியும்னு சொல்லு.

ரூனா: அவருக்குத் தெரியுமாம். போயிட்டு வாங்க.

*

தோர்கில்: வந்துட்டேன் தங்கம். கை கழுவிட்டேன், ரெண்டு தடவை. எத்தனை ஸ்பூன் ஆச்சு?

ரூனா: ம்... நாலு?

ஐனர்: ஆறு. பால்வண்டி வந்து நிக்குதுன்னு நினைக்கிறேன், நான் போய்ப் பாத்துட்டு வரேன்னு சொல்லு.

தோர்கில்: பால்வண்டி நாளைக்குத்தானே... சரி, போகட்டும். எப்படி இருக்கு கண்ணு? முகம் வெளுத்திருக்கே. ரூனா? என்னைப் பாரு.

ரூனா: மாமா... வருது...

தோர்கில்: வாளி, வாளி. இந்தா. நெத்தியைப் பிடிச்சுக்கறேன். எடு, பயப்படாதே, நான் பிடிச்சிருக்கேன்... ஐயோ. சிவப்பா... ரூனா, இது என்ன இவ்வளவு சிவப்பா... அண்ணே! அண்ணே, இங்க வா! சீக்கிரம் வா, பிள்ளைக்கு ரத்தமா வருது!

ஐனர்: என்னடா? எங்க? காட்டு...

தோர்கில்: வாளியைப் பாரு. நீ போய்க் காரை எடு, நான் போர்வையில சுத்தித் தூக்கிக்கிட்டு வரேன். சிஸ்டர் சொன்னாளே, ரத்தம் தெரிஞ்சா உடனேன்னு. என்ன நிக்கிறே, சாவி கதவுக்குப் பின்னால தொங்குது.

ஐனர்: தோர்கில்.

தோர்கில்: போ அண்ணே.

ஐனர்: தோர்கில், அது ரத்தமில்லை. மோந்து பாரு.

தோர்கில்: என்ன?

ஐனர்: பழச்சாறு. நம்ம தோட்டத்துக் கறுப்புப் பழம், பிழிஞ்சா சிவப்பா வரும், போன கோடையில காய்ச்சி வச்சோமே. நான்தான் குடுத்தேன்.

தோர்கில்: எவ்வளவு?

ஐனர்: ஒரு டம்ளர்.

தோர்கில்: ஒரு டம்ளர்.

ஐனர்: ரெண்டு கையையும் கூப்பிக்கிட்டு கேட்டாடா. உதடு காஞ்சு போய்... நீயா இருந்தாலும் குடுத்திருப்பே.

தோர்கில்: நான் குடுத்திருக்க மாட்டேன்.

ஐனர்: குடுத்திருப்பே.

தோர்கில்: ...பாதி டம்ளர் குடுத்திருப்பேன்.

ரூனா: நான் சொல்லலை சின்ன மாமா. சொல்ல மாட்டேன்னு பெரிய மாமாகிட்ட சத்தியம் பண்ணியிருந்தேன்.

தோர்கில்: சரிடா கண்ணு, நீ வாயைக் கொப்பளி. இந்தா, துப்பு.

ரூனா: நீங்க அண்ணேன்னு கூப்பிட்டீங்க.

தோர்கில்: அப்படியா?

ரூனா: சத்தமா.

ஐனர்: வாசல் வரைக்கும் கேட்டுச்சு. முயல் மாதிரி ஓடி வந்தேன், முழங்கால் என்ன ஆச்சுன்னு இன்னும் பாக்கலை.

தோர்கில்: பத்து நிமிஷம் எதுவும் குடுக்காதே. அப்புறம் ஸ்பூன். ஸ்பூன் மட்டும்.

ஐனர்: சரி.

தோர்கில்: என் கண்ணு முன்னாடி.

ஐனர்: சரின்னேனேடா.

*

ஐனர்: மணி என்ன?

தோர்கில்: பதினொண்ணே முக்கால்.

ஐனர்: தூங்கறதுக்கு முன்னாடி பதினாலு ஸ்பூன் உள்ள போயிருக்கு. ஒண்ணும் வெளிய வரலை.

தோர்கில்: மேலயும் வரலை, கீழயும் வரலை. அதுதான் பயமா இருக்கு. எட்டு மணி நேரம் ஆகப் போகுது.

ஐனர்: அரை மணி நேரமாத் தூங்கறா. எழுப்பிப் பாக்கலாமா?

தோர்கில்: சிஸ்டர் சொன்னா, எழுப்பினா எழுந்திருக்கணும்னு. ரூனா... ரூனாக்குட்டி.

ஐனர்: கன்னத்தைத் தட்டு. மெதுவா.

தோர்கில்: ரூனா. கண்ணைத் திற தங்கம்.

ஐனர்: கை சில்லுனு இருக்கு. இல்லை... என் கைதான் சில்லுனு இருக்கோ. நீ தொட்டுப் பாரு. யோன்னா ஒரே ஒரு பிள்ளையை நாலு நாளைக்குப் பாத்துக்கங்கன்னு விட்டுட்டுப் போனா...

தோர்கில்: நீ புலம்பாதே. காரை முன்னால கொண்டு வந்து நிறுத்து. பன்னெண்டு அடிக்கற வரைக்கும் இருக்க வேண்டாம், போயிடலாம். ரூனா, எந்திரி செல்லம், கிளினிக்குக்குப் போறோம்.

ரூனா: ம்... எதுக்கு?

ஐனர்: பேசறா. தோர்கில், பேசறா.

தோர்கில்: கேட்டுச்சு. கூட்ரூன் சிஸ்டர் உன்னைப் பாக்கணுமாம்.

ரூனா: இப்ப வேண்டாம்.

ஐனர்: ஏன்டா?

ரூனா: ஒண்ணுக்கு வருது.

தோர்கில்: என்ன சொன்னே?

ரூனா: ஒண்ணுக்கு. அவசரமா.

ஐனர்: தூக்குடா, தூக்கு. போர்வையை விடு, அது கிடக்கட்டும். கதவை நான் திறக்கறேன்.

தோர்கில்: வழியில நிக்காதே அண்ணே, முட்டிக்கப் போறே. உக்காத்தி வச்சிட்டேன். பிடிச்சுக்கோ தங்கம்.

ரூனா: நீங்க ரெண்டு பேரும் வெளியே போங்க.

ஐனர்: போயாச்சு, போயாச்சு.

தோர்கில்: ...கேக்குதா?

ஐனர்: உஷ்.

தோர்கில்: கேக்குது.

ஐனர்: நல்லாக் கேக்குது. நிறையப் போறா.

தோர்கில்: எழுதிக்கறேன். பதினொண்ணு அம்பது. நீ எதுக்கு அழறே?

ஐனர்: நான் அழலை. ஜலதோஷம்.

ரூனா: முடிஞ்சுது. ரஸ்க் இருக்கா?

*

தோர்கில்: மறுபடி தூங்கிட்டா.

ஐனர்: இது நல்ல தூக்கம். மூச்சைப் பாரு, ஒரே சீரா இருக்கு. அரை ரஸ்க் தின்னது தங்கிடுச்சு.

தோர்கில்: கூட்ரூன் சிஸ்டருக்குச் சொல்லிட்டேன். ஜூஸ் விஷயத்தையும் சொன்னேன்.

ஐனர்: என் பேரையும் சொன்னியா?

தோர்கில்: இல்லை. நாங்க குடுத்துட்டோம்னு சொன்னேன். சிரிச்சா.

ஐனர்: காபி போடட்டுமா?

தோர்கில்: உக்காரு. அவ தலை உன் மடியில இருக்கு, எந்திரிச்சா முழிச்சுக்குவா.

ஐனர்: கால் மரத்துப் போச்சு.

தோர்கில்: போகட்டும்.

ஐனர்: ...தோர்கில்.

தோர்கில்: ம்.

ஐனர்: லிஸ்பெத் விஷயம்.

தோர்கில்: இப்ப எதுக்கு அது?

ஐனர்: மறுபடி நீ பேசாம போயிட்டா எப்பச் சொல்றது... பால் சோதிக்க வந்தவ, ஒரு நாள் சமையலறையில வச்சு என்னைக் கேட்டா. நான் ஆல்போர்க் டவுனுக்கு மாறிப் போறேன், தோர்கில் என்கூட வருவாரா, நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு. அவன் மாட்டை விட்டு வர மாட்டான், வீணா ஆசைப்படாதேம்மான்னு சொல்லிட்டேன். உன்னை ஒரு வார்த்தை கேக்கலை.

தோர்கில்: தெரியும். அவளே சொன்னா. அதுக்குத்தானே உன்கூடப் பேசறதை நிறுத்தினேன்.

ஐனர்: மாட்டுக்காகச் சொல்லலைடா அதை. இவ்வளவு பெரிய வீடு. நீ போயிட்டா இந்த மேசையில நான் மட்டும் உக்காந்து சாப்பிடணுமேன்னு ஓடிச்சு மனசு. வாய் தானாச் சொல்லிடுச்சு. அப்புறம் நீ பேச்சை நிறுத்தினே. ரெண்டு பேர் உக்காந்து சாப்பிட்டும் நான் மட்டும்தான்.

தோர்கில்: போர்வை நழுவுது. உன் பக்கம் இழுத்து விடு.

ஐனர்: காலையிலேர்ந்து நீ இவளைப் பாத்துக்கறதைப் பாக்கறேன். நெத்தியைப் பிடிக்கறது, எழுதி வைக்கறது... உனக்கும் இப்படி ஒண்ணு இருந்திருக்கும். நான் கெடுத்துட்டேன். திட்டணும்னா திட்டிடு. மெதுவாத் திட்டு, பிள்ளை தூங்குது.

தோர்கில்: நீ கெடுக்கலை அண்ணே. உன் பேச்சைக் கேட்டுக்கிட்டு அவ போயிடலை... கிளம்பற அன்னிக்கு நேரா தொழுவத்துக்கே வந்தா. கார்ல இடம் இருக்கு, மாத்துத் துணி கூட வேண்டாம், அப்படியே வந்து ஏறுன்னா. நான்தான் பயந்துக்கிட்டு மாட்டேன்னுட்டேன். அதைச் சொன்னா என் மேலதானே கோவப்படணும்... உன் மேலே கோவப்படறது லேசா இருந்துச்சு.